உணவுத் தூய்மைக்கு உழைத்த கமலா சொஹோனி அம்மையார்

உண்ணும் உணவு சத்துள்ளதாக இருந்தால் மட்டும் போதாது; தீங்கற்றதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்காகவும் உழைத்த விஞ்ஞானி கமலா சொஹோனி அம்மையார். அவருடைய ஆராய்ச்சி வாழ்வு பெங்களூரில் தொடங்கிற்று.

1933-ஆம் ஆண்டில் பம்பாயில் பட்டம் பெற்ற அவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநராயிருந்த ஸர் சி. வி. ராமன், பெண் என்பதற்காக இடமளிக்க மறுத்தார். கமலா நேரில் சென்று வாதாடியபின், முதலாண்டில் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார் என்பது போன்ற நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. ஸ்ரீநிவாசய்யாவின் மேற்பார்வையில் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை அவர் ஆராய்ந்தார். அவருடைய உழைப்பைக் கண்ட ராமன், பின்னர் பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவைத் திறந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அம்மையார், குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்திலும் பின்னர் பம்பாயிலும் பணியாற்றினார்.

பனைமரச் சாறாகிய நீராவின் உணவுச் சத்துக்களை ஆராய்ந்தமைக்காக அவர் குடியரசுத் தலைவரின் விருதைப் பெற்றார். ஆரே பால் திட்டத்துக்குப் பாலின் தரம் பற்றி ஆலோசனை கூறினார். நீராவும் பாலும் சத்து மிக்கவை. ஆயினும் நுண்ணுயிர்களுக்கும் அவை நல்லுணவே. வெப்பமும் காலதாமதமும் சேர்ந்தால் நீரா புளிக்கும், பால் திரியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவது இப்புளிப்பைத் தடுப்பதற்கேயாம்.

கெட்டுப்போன உணவை நாவும் மூக்கும் அறியும். நோய்க்கிருமி கலந்த உணவோ பல சமயம் சுவையிலும் மணத்திலும் மாறாதிருக்கும். ஆகவே, உலக நாடுகளின் நிபுணர்கள் இன்று நான்கு வினாக்களை எழுப்புகின்றனர். உணவில் இருக்கக்கூடிய கிருமி எது? எவ்வளவு உட்சென்றால் தீங்கு நேரும்? உண்பவரை எவ்வளவு சென்றடைகிறது? இவற்றால் விளையும் அபாயம் எத்தகையது? காய்ச்சாத பாலை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்கலாம்.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. 1966-இல் தோன்றிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தில் அம்மையார் பங்குகொண்டு, 1982-83-இல் அதன் தலைவராகவும் விளங்கினார். நுகர்வோர் பாதுகாப்புக் குறித்துக் கட்டுரைகளும் எழுதினார். 1998-இல் அவர் மறைந்தார்.

பாலைக் காய்ச்சுதல், பாத்திரத்தைத் துலக்குதல், சமைத்ததை மூடிவைத்துக் காலத்தில் உண்ணுதல் ஆகியன எளியவை. அவற்றின் காரணத்தை வீடுதோறும் உணர்த்துவதே களப்பணியாளரின் கடமையாகும்.