மழைக்கு முன் ஒரு தடுப்பூசி

புரட்டாசி பிறந்தால் நெசவாளர் வீடுகளில் தீபாவளிச் சேலைகளுக்கான வேலை மும்முரமாகிறது. விவசாயிகளுக்குச் சம்பா நடவு நெருக்குகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் இன்ஃபுளூயன்ஸா ஜுரமும் பரவத் தலைப்படுகிறது. தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழிருக்கும் வீட்டில் ஒருவர் இருமினால் மற்றவருக்கும் தொற்றும். பாவு பாதியில் நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே, இந்த ஜுரத்திற்கு ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

இது வெறும் ஜலதோஷம் அன்று. திடீரென ஜுரம், வறட்டு இருமல், உடல்வலி, பெருஞ்சோர்வு ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். சிலருக்கோ நிமோனியாவாக முற்றி உயிருக்கே ஆபத்தாகும். 1918ஆம் ஆண்டு பரவிய கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1957லும் 2009லும் புதுவகைக் கிருமிகள் உலகெங்கும் பரவின.

ஆண்டுதோறும் ஏன் போடவேண்டும் என்று கேட்கலாம். நோயைத் தாங்கும் நெல் ரகம் என்று நம்பி விதைத்தது, நோய்க் கிருமி மாறியபின் தாங்காமற் போவதை விவசாயிகள் அறிவர். இன்ஃபுளூயன்ஸா கிருமியும் அவ்வாறே தன் மேலுறையை ஓயாது மாற்றிக்கொள்கிறது. ஆதலால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய கிருமி வகைகளை அறிவிக்கிறது. மேலும், ஊசியால் உண்டாகும் பாதுகாப்பும் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது.

ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே நம் பகுதியில் செப்டம்பர் முடிவதற்குள் போட்டுக்கொள்வது நலம். தவறியவர்கள் பின்னர் போட்டாலும் பயனுண்டு.

வீட்டில் அனைவருக்கும் போட வசதியில்லையெனில் யாருக்கு முதலிடம்? முதியோர், கருவுற்ற பெண்கள், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோரை முன்னிறுத்துங்கள். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இவ்வூசி போடலாகாது. கருவுற்றிருக்கையில் தாய் போட்டுக்கொண்டால் அப்பாதுகாப்பு பிறக்கும் குழந்தைக்கும் கிட்டும். ஒன்பது வயதிற்குட்பட்ட குழந்தைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை.

ஊசியினாலேயே ஜுரம் வந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அது நோயைத் தராது. கைவலியும் இலேசான ஜுரமும் ஓரிரு நாளில் நீங்கும். முன்பு இவ்வூசியால் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் போடலாகாது.

ஊசி போட்டவருக்கு ஜுரமே வராது என்று நாம் கூறவில்லை. கிருமியுடன் நன்கு பொருந்திய ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 சதவிகிதம் வரை குறைக்கிறது. வந்தாலும் நோய் முற்றாமல் பெரும்பாலும் காக்கிறது.

ஊசி கிடைக்குமிடத்தை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தனியார் மருத்துவமனைகளில் விலைக்குக் கிடைக்கும். பாவுக்கும் விதைக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கும் அங்கத்தினர்கள், வீட்டிலுள்ள முதியோருக்காகவேனும் இச்செலவையும் அக்கணக்கில் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.