அடுத்த போரை யாருடைய கண்ணால் பார்க்கப்போகிறோம்? ‘ஆர்கேன்’ கிளைத்தொடர்களை முன்வைத்து

புகை மூடிய ஒரு பாலம். சிறுமிகள் இருவர் அதைக் கடந்து வருகிறார்கள். சின்னவள் கண்ணைப் பொத்தியிருக்கிறாள், மூத்தவள் அவளது கையைப் பிடித்து நடத்துகிறாள். கிடக்கும் உடல்களுக்கு நடுவே தாயையும் தகப்பனையும் தேடுகிறார்கள். கண்டும் விடுகிறார்கள்.

‘ஆர்கேன்’ அனிமேஷன் தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 2021 நவம்பரில் நெட்பிளிக்ஸில் வெளியானபோது சித்தியின் மகளையும் கூப்பிட்டுவைத்துப் பார்க்கத் தொடங்கினேன். கார்ட்டூன்தானே என்ற நினைப்பு. “அண்ணா, நீங்க பாருங்கோ, நான் பிறகு வாறன்” என்று எழும்பிப் போனவள் அன்று திரும்பி வரவில்லை. 2009இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்களில் அவள் எங்கே இருந்தாள் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தொடருக்கு இப்போது கிளைத்தொடர்கள் வரப்போகின்றன. 2009இல் வெளியான ‘லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டின் உலகத்தை வைத்து அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனமும் பாரிஸிலுள்ள ஃபோர்டிஷ் கலையகமும் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘ஆர்கேன்’. பருவத்துக்கு ஒன்பது அத்தியாயங்களாக இரண்டு பருவங்கள். முப்பரிமாண உருவங்களின் மேல் தூரிகை தடவியது போன்ற நிறங்கள், கையால் வரைந்த புகை, கையால் வரைந்த தீ. 2022இல் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருதைப் பெற்றது. இணையவழி ஒளிபரப்புத் தொடரொன்று அந்த விருதை வென்றது அதுவே முதற்தடவை. இரண்டாம் பருவம் 2024 நவம்பரில் முடிந்தபோது, அலெக்ஸ் யீயுடன் சேர்ந்து தொடரை உருவாக்கிய கிறிஸ்டியன் லிங்கே, அடுத்த கதைகள் நொக்ஸஸ், அயோனியா, டெமாசியா ஆகிய நாடுகளில் நடக்கும் என்று அறிவித்தார்.

இந்தப் பெயர்கள் விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒன்றையும் சொல்லாது. எனக்கு அவை சற்றுப் பதற்றத்தையே தருகின்றன. காரணத்தைச் சொல்ல ‘ஆர்கேன்’ முடிந்த விதத்திலிருந்து தொடங்கவேண்டும்.

மேலே செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த பில்ட்ஓவர். கீழே அதன் கழிவுக் காற்றைச் சுவாசிக்கும் ஸோன். பாலத்தில் அநாதைகளான சகோதரிகள் கீழ்நகரத்துப் பிள்ளைகள். தங்கை பவுடர், வளர்ப்புக் குடும்பத்தைக் காப்பாற்றப் போய்த் தான் செய்த வெடிகுண்டாலேயே அவர்களைக் கொன்றுவிடுகிறாள். பிறகு ஜிங்ஸ் என்ற பெயரில் ஊரே அஞ்சும் ஆளாகிறாள். முதலாம் பருவத்தின் கடைசிக் காட்சியில் பில்ட்ஓவர் சபை ஸோனுக்குச் சுதந்திரம் வழங்க வாக்களிக்கிறது. அதே கணத்தில் ஜிங்ஸ் ஏவிய ரொக்கட் சபையை நோக்கி வருகிறது.

இதுவரைக்கும் அபாரம். இரண்டாம் பருவத்தில் கீழ்நகரத்துக்குள் நச்சுப் புகையைத் திறந்துவிட்டுத் தேடுதல் நடத்துகிறார்கள், இராணுவச் சட்டம் வருகிறது. சாதாரண சனம் தெருவில் நிற்காமல் இருப்பதற்காகத்தான் அந்தப் புகை என்று கேட்லின் நியாயம் சொல்லும்போது, மனிதாபிமான நடவடிக்கை என்ற சொல்லை அறிந்த எவருக்கும் வயிறு ஒருதரம் பிசையும். ஆனால் அதன் பிறகு பொது எதிரி ஒருத்தி வந்துவிடுகிறாள், கீழ்நகரத்தார் மேல்நகரத்துக்காகப் போரிட்டுச் சாகிறார்கள். புகை விட்டவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. சுதந்திரம் கேட்ட நகரத்துக்குக் கடைசியில் கிடைப்பது சபையில் ஓர் ஆசனம். அதில் செவிகா போய் அமர்வதைக் காட்டிவிட்டுக் கதை அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. (எங்களுக்கும் ஆசனங்கள் இருக்கின்றன.)

அந்தப் பொது எதிரியான அம்பெஸா, நொக்ஸஸின் போர்த்தளபதி. நாடுகளைப் பிடித்தே வளர்ந்த பேரரசு நொக்ஸஸ். விளையாட்டின் பின்கதைப்படி அது படையெடுத்துப்போன நாடுகளில் ஒன்று அயோனியா. டெமாசியா, பிறப்பிலேயே மாய ஆற்றல் உள்ளவர்களை ஒடுக்கும் இராச்சியம், அது வேறொரு கதை. என் கேள்வி முதல் இரண்டையும் பற்றியது. ஒரே போரின் இரண்டு பக்கங்கள் தனித்தனியாகப் படமாகும்போது கமரா எவர் பக்கத்தில் நிற்கும்? ஊடகக் கற்கை படித்த காலத்தில் இதைப் பிரதிநிதித்துவம் என்ற தலைப்பில் பரீட்சைக்கு எழுதினோம். ஆக்கிரமிப்பாளரின் மனச்சாட்சி நல்ல நாடகமாகும், நடுத்தெருவில் நிற்கும் குடும்பம் பின்னணியாகிவிடும். எத்தனையோ போர்ப் படங்களில் பார்த்தாயிற்று.

ஆனால் எழுத்தாளர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ள அந்தப் பின்கதையில் விடயம் இருக்கிறது. இரேலியா என்ற நடனம் பயின்ற சிறுமி வீடு திரும்பும்போது குடும்பத்தவர் புதைக்கப்பட்டிருப்பார்கள், வீட்டில் நொக்ஸஸ் படையினர் குடியிருப்பார்கள். ரிவன், நொக்ஸஸ் படையிலிருந்து விலகியவள். தன் தரப்பே பயன்படுத்திய இரசாயன ஆயுதத்தில் எதிரிகளோடு தன் தோழர்களும் சாவதைக் கண்டபின் அயோனியாவிலேயே ஒரு வயோதிப விவசாயத் தம்பதியின் வீட்டில் தங்கிவிடுகிறாள். அந்த நாட்டின் பெரியவர் ஒருவரைக் கொன்றதாக யாசுவோ என்ற இளைஞன்மேல் பழி விழுந்து, அவனைப் பிடிக்க வந்த சொந்த அண்ணனையே அவன் கொல்ல நேர்ந்திருக்கும். உண்மையில் அந்தச் சாவுக்குக் காரணம் ரிவனின் வாள். அவள் அறியாமலே நடந்தது. ஊர் முன்னிலையில் அவள்மீது விசாரணை நடக்கிறது, உண்மை அங்கேதான் வெளியே வருகிறது. அவளுக்குக் கிடைக்கும் தண்டனை, போரில் பாழான வயலில் கடூழியம்.

சண்டைக் காட்சிகளை ஃபோர்டிஷ் எப்படியும் அழகாக வரைந்துவிடும். அந்த விசாரணையை வரைவார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சித்தியின் மகள் ஒரு வருடம் கழித்துத் தனியே இருந்து முதலாம் பருவத்தைப் பார்த்து முடித்தாள், இரண்டாவதையும் பார்த்தாள். போன கிழமை ரிவனின் கதையை அவளுக்குச் சொன்னேன். “அந்தக் கிழவனும் கிழவியும் சாட்சி சொன்னவையோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “யாருக்காக?” அவளுக்காக, என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “வந்தால் சொல்லுங்கோ அண்ணா,” என்றாள்.