தேடி வருபவரும் தேடிப் போகும் சரக்கும்

தென்காசியிலோ திருவாரூரிலோ சின்னதாக ஒரு ஜவுளிக்கடை போட நினைப்பவர், திருப்பூரின் மொத்த விலைச் சந்தையான காதர்பேட்டைக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே யூடியூபில் பத்து வீடியோ பார்த்துவிடுகிறார். அதில் கடைக்காரர் டி-சர்ட்டை விரித்துக் காட்டுகிறார். துணியின் எடை எத்தனை ஜிஎஸ்எம், பயோ வாஷ் செய்ததா, பண்டலில் என்னென்ன சைஸ், குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும் என்று மளமளவென்று சொல்கிறார். கடைசியில் ஒரு வாட்ஸ்அப் எண் வருகிறது. அதை சேவ் செய்துகொண்டு ஒரு ‘ஹாய்’ அனுப்பச் சொல்கிறார்.

அந்த ‘ஹாய்’ எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு விதி உண்டு. அனுப்புகிறவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பத்தாயிரம் எண்களை ஏற்றி வைத்தாலும் பயனில்லை. வீடியோவைப் பார்த்துத் தானாக வந்தவருக்குத்தான் மறுநாள் காலை புது ஸ்டாக் படத்தை அனுப்ப முடிகிறது. வாடிக்கையாளரை இழுப்பதை ‘புல்’ என்றும், நாமாகப் போய்ச் சொல்வதை ‘புஷ்’ என்றும் மார்க்கெட்டிங் படித்தவர்கள் பிரிப்பார்கள். காதர்பேட்டையில் முதலாவது நடக்காமல் இரண்டாவது நடக்கவே நடக்காது. இந்த வரிசையைத்தான் பெரிய கம்பெனிகளும் கவனிக்க வேண்டும்.

இந்த வரிசையை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1978 மே மாதம், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி துயர்க், புதிய கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை அர்ப்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மெயில் அதுதான் என்பார்கள். கண்டனம் பலமாக வந்தது. அதே 1978இல் திருப்பூரில் நடந்தது நேர்மாறானது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இந்த ஊரை அறிந்து தேடி வந்தார். திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக் கதையை ஊர்க்காரர்கள் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. பையர்கள் வரத் தொடங்கிய பிறகு, நம்மவர்கள் சாம்பிள் பெட்டியோடு ஐரோப்பியக் கண்காட்சிகளுக்குப் போனார்கள். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. முதலில் பெயர் இழுத்தது, பிறகு கால் நடந்தது.

இன்று பல ஏற்றுமதி கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்வது வருத்தமாக இருக்கிறது. “மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்கள்” என்று ஆரம்பிக்கும் ஒரே மெயில் நூற்றுக்கணக்கான பையிங் ஹவுஸ்களுக்குப் போகிறது. யாராவது ஆர்வப்பட்டு வெப்சைட்டைத் திறந்தால், விலைக்கு வாங்கிய வெளிநாட்டு மாடல் படங்கள். குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பீஸ், சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா, சாம்பிள் தர எத்தனை நாள், ஜிஓடிஎஸ் ஆர்கானிக் சான்றிதழ் உண்டா, எதற்கும் பதில் இருக்காது. பையர் கூகுளில் தட்டுவதே இந்தக் கேள்விகளைத்தான்.

சொல்வதற்கு விஷயமா இல்லை? நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே தவித்தது. அதன் பிறகு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேற்றாத சுத்திகரிப்பு முறைக்குச் சாயத்தொழில் மாறியது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறையில் மீட்ட தண்ணீர் மறுபடி சாயமேற்றப் போகிறது, உப்பும் மீட்கப்படுகிறது. இவ்வளவு பணமும் வலியும் கொடுத்து அடைந்த ஒன்றை, சுற்றுச்சூழல் பற்றிக் கேட்கும் ஐரோப்பிய பையர் படிக்கும்படி, தங்கள் சொந்தப் பட்டறையின் படங்களோடு எத்தனை கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன? இழுக்கும் சக்தி இங்கேதான் இருக்கிறது.

இழுத்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இந்தியாமார்ட் இணையச் சந்தையில் ஒருவர் ஐநூறு டி-சர்ட் கேட்டால், அந்த விசாரிப்பு ஒரே நேரத்தில் பல கம்பெனிகளுக்குப் போகிறது. முதலில் போன் செய்து, துணியின் விவரத்தோடு விலை சொல்பவரிடம்தான் பேச்சு நீளும். மாலை வரை பார்க்காமல் விட்டவர், காசு கட்டி வரவழைத்த வாடிக்கையாளரைப் பக்கத்து கம்பெனிக்கு அனுப்பிவைக்கிறார். அனுமதி பெற்றுச் செய்யும் விற்பனையைப் பற்றி அமெரிக்க மார்க்கெட்டிங் எழுத்தாளர் சேத் கோடின் 1999இல் புத்தகமே எழுதினார். பெற்ற அனுமதியை உடனே பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, ஒரே நாட்டை, நாலைந்து பெரிய பையர்களை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஆடிப்போனார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அங்கே முந்நூறு பீஸில் ஆரம்பிக்கும் சின்ன பிராண்டுகள் பல உண்டு. அவர்கள் கண்காட்சிக்கு வருவதைவிட, இரவில் லேப்டாப்பில் தேடுவதே அதிகம். நம் வெப்சைட்டைப் பார்த்து அப்படி ஒருவர் சாம்பிள் கேட்டால், மறுநாளே கூரியர் எண் போக வேண்டும். பத்து நாள் கழித்து, “துவைத்துப் பார்த்தீர்களா, சுருக்கம் எவ்வளவு வந்தது?” என்று ஒரு மெயில் போக வேண்டும். அந்த இரண்டாவது மெயிலை எழுத ஓர் ஆளை, மெர்ச்சன்டைசரின் தலையில் கட்டாமல், தனியாக நியமிப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய செலவு.