தனித்து நின்ற ஒரு வாக்கு

ஐக்கிய அமெரிக்காவில் மாநில ஆளுநர் பதவியும் செனற் சபை உறுப்பினர் பதவியும் இயல்பில் வேறானவை. ஆளுநர் தம் மாநில நிருவாகத்தின் தலைவர். செனற் உறுப்பினரோ நூற்றுவருள் ஒருவர். அவருக்குரியது ஒரு வாக்கே. அவ்வொரு வாக்கின் பெறுமதி யாதென்பதை, இரு பதவிகளையும் வகித்த ஒறிகன் மாநிலத்து மார்க் ஹற்பீல்டின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

1922 இல் பிறந்த ஹற்பீல்ட், இரண்டாம் உலகப் போரிற் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றினார். 1945 இல், அணுகுண்டு வீழ்ந்து சில வாரங்களே கழிந்த நிலையில், ஹிரோஷிமா நகரின் அழிவை நேரிற் கண்டார். போரின் பின் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்தார். மாநிலச் சட்டசபையிற் புகுந்தார். 1958 இல், தமது 36 ஆவது வயதில், ஆளுநராகத் தெரிவானார். அத்துணை இளமையில் ஒறிகனின் ஆளுநரானவர் அவருக்கு முன் எவருமிலர். 1962 இல் மக்கள் அவரையே மீண்டும் தெரிந்தனர்.

1966 இல் நடைபெற்ற ஆளுநர் மகாநாட்டில், ஜனாதிபதி ஜோன்சனின் வியற்னாம் போர்க் கொள்கையை ஆதரிக்கும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அதனை எதிர்த்து வாக்களித்த ஆளுநர் ஹற்பீல்ட் ஒருவரே. அவ்வாண்டிலேயே அவர் செனற் சபைத் தேர்தலிலும் நின்றார். எதிர்த்து நின்றவரோ போரை ஆதரித்தவர். போரை மறுத்தவர் தோற்பார் எனப் பலர் எண்ணியிருக்கக்கூடும். எனினும் சிறு வித்தியாசத்தில் அவரே வென்றார்.

1970 இல், 1971 இறுதிக்குள் அமெரிக்கப் படைகளை வியற்னாமிலிருந்து மீட்க வேண்டுமென்னும் திருத்தத்தை, மாற்றுக் கட்சியினரான ஜோர்ஜ் மக்கவணுடன் சேர்ந்து முன்வைத்தார். 39 பேர் ஆதரிக்க, 55 பேர் எதிர்க்க, அது தோல்வியுற்றது.

1995 இல் அவருடைய குடியரசுக் கட்சி, வரவுசெலவைச் சமன்செய்தலை அரசியலமைப்பிலேயே விதியாக்க முற்பட்டது. அதற்கு மூன்றிலிரு பங்கு, அதாவது 67 வாக்குகள் வேண்டும், ஒன்று குறைந்தது. கட்சியாருள் கொள்கை பற்றி எதிர்த்தவர் அவர் ஒருவரே. தாம் பதவி துறந்தால் சபையினர் தொகை 99 ஆகும், அப்போது 66 வாக்குகளே போதும் எனக் கண்டு, தலைவர் டோலிடம் பதவி விலகவும் முன்வந்தார். டோல் அதனை ஏற்கவில்லை. கட்சியின் இளைய உறுப்பினர் சிலர், நிதியொதுக்கீட்டுக் குழுத் தலைமையிலிருந்து அவரை நீக்க முனைந்தும் அது கைகூடவில்லை.

1997 இல் ஓய்வுபெற்று 2011 இல் மறைந்த ஹற்பீல்ட், தேர்தலில் ஒருகாலும் தோற்றவரல்லர். தம் கருத்தோடு உடன்படாத போதும், மனச்சான்றின்படி வாக்களிப்பவரை மக்கள் மதிப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.