மாமியார் வீட்டுக்குப் போக எந்த விசா?

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் மணிலா வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் கையில் பழுப்பு நிற உறையுடன் வந்து நின்றார். அவருடைய மகளுக்குப் பினாங்கில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையோடு நிகாஹ் முடிந்து 110 நாட்கள் ஆகியிருந்தன. வலீமா விருந்து உண்டவர்களில் நானும் ஒருவன். மாப்பிள்ளை பதினைந்தாம் நாளே ஊர் திரும்பிவிட்டார். இப்பொழுது பினாங்கிலிருந்து மாமியார் அழைக்கிறார். மருமகள் வந்து குடும்பத்தாரைப் பார்த்துப் போகட்டும் என்கிறார். நல்ல செய்திதான். உறையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு துணுக்குற்றது.

ஏஜெண்ட் ஒருவர் எழுதித் தந்திருந்த தாள் அது. மலேசியாவுக்குப் போக இந்தியர்களுக்கு இப்பொழுது விசாவே வேண்டாம். பெண், சுற்றுலாப் பயணி என்று சொல்லி இறங்கட்டும். திருமணம் ஆனதை வாய் திறந்து சொல்ல வேண்டாம். தங்குமிடத்திற்கு ஹோட்டல் சீட்டு ஒன்றை நான் தயார் செய்கிறேன். 30 நாள் முடிந்ததும் தாய்லாந்து எல்லை வரை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பினால் இன்னும் 30 நாள் கிடைக்கும். இப்படியே காலத்தை ஓட்டலாம். இதுதான் அந்தத் தாளில் கண்ட ஆலோசனை. இதற்கு ஒரு கட்டணமும் குறித்திருந்தார்.

"ஹஜ்ரத், நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. இதுக்குப் பணம் கட்டலாமா?" என்று கேட்டார்.

"பாய், உங்கள் மகள் யாருடைய வீட்டுக்குப் போகிறாள்?" என்றேன்.

"புருஷன் வீட்டுக்கு."

"அப்படியானால் ஹோட்டல் சீட்டு எதற்கு?"

அவரிடம் பதில் இல்லை. அன்பான வாசகர்களே, அவருக்குச் சொன்னதையும் அதன்பின் விசாரித்து அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடல் கடந்து சம்பந்தம் செய்துள்ள வீடுகள் நம்மிடையே ஏராளம். அந்த வீடுகளுக்கெல்லாம் இது பயன்படக்கூடும்.

பயணத்திற்கும் நிய்யத்து உண்டு

தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத்து வேண்டும் என்பதை நம் சிறுபிள்ளைகளும் அறிவர். விசா என்பதும் ஒருவகையில் நிய்யத்தைப் பற்றிய கேள்வியே. 'எதற்காக வருகிறாய், எத்தனை நாள் இருப்பாய், யார் உனக்குப் பொறுப்பு?' என்று ஒரு நாடு கேட்கிறது. அதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அனுமதியின் பெயர் அமைகிறது. பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஒரு பெயர். கணவனோடு வாழ்வதற்கு வேறு பெயர். ஊழியம் பார்ப்பதற்கு இன்னொரு பெயர். நிய்யத்து ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருந்தால், அந்தப் பயணம் முதல் அடியிலேயே பொய்யாகிவிடுகிறது. ஒரு நாட்டின் அனுமதியைப் பெற்று நுழைபவர், அந்நாட்டு நிபந்தனைகளுக்கு வாக்களித்து நுழைகிறார். வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் கடமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் காலத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுது, கடை வைத்து, இரு கரைகளிலும் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் அந்தக் கதவு மெல்ல மெல்ல அடைபட்டது. 1953இல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1959இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் மனைவி மக்களின் வருகையையும் இறுக்கியது. 'பிறகு அழைத்துக் கொள்ளலாம்' என்று இருந்த எத்தனையோ கணவன்மார் அப்படியே அங்கேயே இருந்துவிட்டார்கள். இங்கே மனைவியர் கடிதத்தோடும் மணியார்டரோடும் முதுமை எய்தினார்கள். 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அச்சம் வருவது அதனால்தான்.

மலேசியாவின் இன்றைய நிலை

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இன்றி 30 நாட்கள் வரை மலேசியாவில் தங்கிவர அனுமதிக்கப்பட்டார்கள். 2024 இறுதியில் முடியவேண்டிய அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய சலுகைகள் அரசின் ஓர் அறிவிப்பில் வருபவை, இன்னோர் அறிவிப்பில் போகக்கூடியவை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பு மலேசியக் குடிநுழைவுத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

விசா வேண்டாம் என்பதற்குக் கேள்வியே கிடையாது என்று பொருள் அல்ல. அங்கே போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைக் கணினி வழியே நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம், தங்கும் முகவரி ஆகியவற்றையும் கேட்பார்கள். விமான நிலையத்துக் குடிநுழைவு அதிகாரிக்கு ஐயம் எழுந்தால், உள்ளே விடாமல் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஹோட்டல் சீட்டைக் காட்டும் இளம்பெண்ணின் கைப்பேசியில் நிகாஹ் புகைப்படம் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'என் கணவர் வீட்டாரைப் பார்க்க மூன்று வாரத்திற்கு வந்திருக்கிறேன். இதோ அவர் முகவரி, இதோ அவர் அழைப்புக் கடிதம், இதோ திரும்பும் டிக்கெட்' என்று சொல்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உறவினரைக் காணச் செல்வதும் அந்த 30 நாள் அனுமதிக்குள் அடங்கியதே. உண்மையைச் சொல்லியே போகக்கூடிய இடத்துக்குப் பொய்யை விலை கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்!

இந்த வருகை அனுமதியில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்கினால்தானே வேலை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மாமனாரின் நாசி கண்டார் கடையில் மருமகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது சோதனைக்கு வரும் அதிகாரி, இது குடும்ப உதவி என்று ஏற்றுக்கொள்வார் என நம்பியிருக்க முடியாது. காலக்கெடு கடந்து தங்குவது அதைவிடக் கடுமையான குற்றம். அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குற்றம் உறுதியானால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எல்லைக்குப் போய் முத்திரை குத்தி வரும் யோசனையும் எத்தனை முறை செல்லும் என்பது அந்த மேசையில் இருப்பவரின் கையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் இல்லற வாழ்க்கையை மாதத்திற்கு ஒரு முறை யாரோ ஓர் அதிகாரியின் மனநிலையில் வைத்துப் பார்ப்பதா?

கணவனோடு நிலையாக வாழ நாடும் மனைவிக்கு நீண்ட கால சமூக வருகை அனுமதி என்று தனி வழி இருக்கிறது. மலேசியக் குடிமகனாகிய கணவரே பொறுப்பாளராக நின்று, தாம் வாழும் மாநிலத்துக் குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருவரையும் நேரில் விசாரிப்பார்கள். மனைவி எந்த அனுமதியில் நாட்டுக்குள் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கணவர் அந்த அலுவலகத்திலேயே முதலில் கேட்டறிந்து, அதன் பிறகு டிக்கெட் எடுப்பதே முறை. இந்த அனுமதி கிடைத்தவர்கள் உரிய ஒப்புதல் பெற்று வேலைக்கும் போகலாம்.

நிகாஹ் பதிவேடு மட்டும் போதாது

இங்குதான் நம் ஜமாஅத்துகள் விழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவரிடம் இருந்தது பள்ளிவாசல் பதிவேட்டிலிருந்து எடுத்த நிகாஹ் சான்று ஒன்றுதான். மார்க்கப்படி அது பூரணமான திருமணம். அதில் யாதொரு ஐயமும் இல்லை. ஆனால் பினாங்கு அலுவலகத்து மேசைக்கு அது மட்டும் போதாது. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாரின் திருமணத்தையும் கட்டாயமாகப் பதிவு செய்யச் சொல்கிறது. திருமணமான 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம். நம் பெரியவருக்கு 110 நாள் போய்விட்டது. எஞ்சியிருந்தது 40 நாள். அவர் அன்று என்னிடம் வராமல் ஏஜெண்டிடமே போயிருந்தால் அந்த 40 நாளும் ஹோட்டல் சீட்டுப் பார்த்துக்கொண்டே கழிந்திருக்கும்.

மறு கரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மலேசிய முஸ்லிம் ஒருவர் வெளிநாட்டில் நிகாஹ் செய்தால் ஆறு மாதத்திற்குள் அதைப் பதிய வேண்டும் என்று அங்குள்ள இஸ்லாமியக் குடும்பச் சட்டம் கூறுகிறது. நிகாஹுக்கு முன்பே மாநிலச் சமய அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்கவும் வேண்டும். வாங்காமல் செய்தவர் அங்கே ஷரீஅத் நீதிமன்றத்தில் அபராதத்துக்கு நிற்க நேரும். பெண்ணைப் பெற்றவர்களே, இந்த அனுமதிக் கடிதத்தைப் பேச்சு வார்த்தையின்போதே கேளுங்கள். மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே மனைவி இருக்கிறாரா என்பதும் அந்த அலுவலகத்தின் விசாரணைக்குள் வருகிறது. இரண்டாம் நிகாஹுக்கு அங்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். மஹரைப் பற்றியும் பிரியாணிச் சட்டி எத்தனை என்பதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற நாம், இந்த ஒரு தாளைக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். மலேசியத் தந்தைக்கு இங்கே பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெற, ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சென்னையிலேயே அதன் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கும் முதலில் கேட்பது பெற்றோரின் திருமணப் பதிவைத்தான். பேரக் குழந்தையின் நாடு எது என்பது வரை அந்த ஒரு தாளின் கயிறு நீள்கிறது.

சிங்கப்பூர்ச் சம்பந்தம் என்றால் கதை வேறு. அந்நாட்டுக்கு இந்தியர்கள் விசா பெற்றே போக வேண்டும். அங்கு வாழும் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஆன உறவினர் உள்ளூர்ப் பொறுப்பாளராக நின்று விண்ணப்பிக்கலாம். அமீரகத்தில் பணிபுரியும் கணவர், மாத ஊதியம் 4,000 திர்ஹமோ, அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமுமோ இருந்தால் மனைவிக்குக் குடியிருப்பு விசா எடுக்கலாம். அதற்குச் சான்றளிக்கப்பட்ட திருமணப் பதிவு வேண்டும். சும்மா பார்த்துவர 30 அல்லது 60 நாள் வருகை விசா போதும். நாள் கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம்.

சவூதியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கணவனைக் காணக் குடும்ப வருகை விசாவில் செல்லும் சகோதரிகள் அங்கே உம்ரா நிறைவேற்றலாம், அதற்குத் தடையில்லை. ஹஜ் செய்யலாகாது. ஹஜ்ஜுக்கு ஹஜ் விசா அல்லது உள்நாட்டு ஹஜ் அனுமதி வேண்டும். 'அங்கே போய்விட்டால் எப்படியும் கூட்டத்தோடு போய்விடலாம்' என்று இங்கே சிலர் ஆசை காட்டுகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கடும் வெப்பத்தினிடையே 1,301 பேர் மரணமடைந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். கூடாரமும் குளிர்சாதன வாகனமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். 2025இல் அறிவித்த விதிப்படி வருகை விசாவில் வந்து ஹஜ்ஜுக்கு முயல்பவருக்கு 20,000 ரியால் வரையும், அவருக்கு அந்த விசா எடுத்துக் கொடுத்தவருக்கு 1,00,000 ரியால் வரையும் அபராதம் உண்டு. அழைத்த கணவனின் பல ஆண்டுச் சம்பாத்தியம் ஒரே நாளில் போய்விடும்.

மணிலா வியாபாரி உறையை மடித்து எடுத்துக்கொண்டு போனவர், அன்றிரவே மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறார். மாப்பிள்ளை ஆலோசனை ஏதும் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை, "நான் வருகிறேன் மாமா" என்பதாம். சமய அலுவலகத்து அனுமதிக் கடிதம் அவரிடம் முன்பே இருந்தது. கேட்பாரில்லாமல் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. சென்ற வாரம் வந்து சேர்ந்தார். நிகாஹ் நடந்த 131ஆம் நாள், கணவனும் மனைவியும் சார்பதிவாளர் முன் கையெழுத்திட்டார்கள். சாட்சிகளில் நானும் ஒருவன். பெண் தனியே பயணம் செய்ய வேண்டியதில்லை; கணவனோடே போகிறாள், 24 நாட்களுக்கு, திரும்பும் டிக்கெட்டோடு. நீண்ட கால அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று அதற்குள் பினாங்கில் நேரிலேயே கேட்டு வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

மாமியாருக்காக இரண்டு படி வறுத்த மணிலாவும் முறுக்கும் கட்டி வைத்திருக்கிறார்கள். உணவுப் பொருள் கொண்டு போகச் சுங்க விதி இடம் தருகிறதா என்று பெரியவர் நேற்று மீண்டும் வந்து கேட்டார். அதையும் விசாரிக்க வேண்டும்.