"யாரு கண்ணு நீ?"

காலை எட்டரை மணி. தொப்பம்பட்டி பஸ் ஸ்டாப். பழநி பஸ்ஸுக்காக நிக்கிறீங்க. காதுல இயர்போன், கையில ரெக்கார்டு நோட்டு. பக்கத்துல ஒரு பாட்டி, கையில காலி மஞ்சப்பை. மெதுவா உங்க தோளைத் தொட்டு, "ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் விட்டுட்டாங்களா? எம்பையனைக் கூட்டியாரணும்"னு கேட்கிறாங்க. பாட்டிக்கு எப்படியும் எழுபத்தஞ்சு வயசு. அப்போ பையனுக்கு?

இப்ப நீங்க என்ன செய்வீங்க? அ) சிரிச்சுட்டு நகர்ந்துடுவேன். ஆ) செல்போன்ல வீடியோ எடுப்பேன். இ) நமக்கெதுக்கு வம்புன்னு பாட்டு கேட்பேன்.

மனசைத் தொட்டுச் சொல்லுங்க பாஸ்! நம்மில் பலரும் 'இ' கோஷ்டிதான். ஆனா நாலாவதா ஒரு பதிலும் இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

வயசானா மறக்கத்தானே செய்யும்?

சாவியை எங்கே வெச்சோம்னு மறப்பது சாதா மறதி. அது நமக்கே உண்டு, எக்ஸாம் ஹாலில் கேட்டுப் பாருங்க! சாவி எதுக்குன்னே மறப்பது வேறு. ஐம்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் "யாருமே எனக்குச் சோறு போடலை" என்பது... இதெல்லாம் டிமென்ஷியா, அதாவது மறதிநோயின் அடையாளங்கள். மூளை செல்கள் சேதமாவதால் வருவது. அல்சைமர் இதில் ஒரு வகை. பக்கவாதத்துக்குப் பின் வருவது இன்னொரு வகை.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்லும் கணக்கு: இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கு இது இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர். அதிலும் நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆக, இது சென்னை அபார்ட்மென்ட் வியாதி இல்லை மக்களே... நம்ம ஊர்த் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கு!

நான் செய்த தப்பு

என் அப்பத்தாவுக்கு இது வந்தப்போ நான் செகண்ட் இயர். "தாத்தா தோட்டத்துலேர்ந்து வந்துட்டாரா?"னு தினமும் கேட்கும். நானும் அரிச்சந்திரன் மாதிரி, "தாத்தா செத்துப் பத்து வருஷமாச்சு"ன்னு சொல்வேன். அவ்வளவுதான், உடைஞ்சு அழும். அரைமணி நேரத்தில் அழுததும் மறந்துபோகும், கேட்டதும் மறந்துபோகும். திரும்பவும் கேட்கும். நானும் திரும்பவும் அதையே சொல்வேன். ஒரே சாவுச் செய்தியை ஒரு மனுஷிக்கு ஒரே நாளில் மூணு தடவை புதுசாச் சொல்லியிருக்கேன்.

ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. அப்பத்தா கேட்டது தகவல் இல்லை, துணை. "தாத்தா தோட்டத்துல என்ன போடுவாரு அப்பத்தா?"ன்னு கேட்டிருந்தா போதும். சோளம், மாடு, கிணறுன்னு ஒரு மணி நேரம் சந்தோஷமாப் பேசியிருக்கும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

* பின்னாடியிருந்து கூப்பிடாதீங்க. எதிரே வந்து, கண்ணைப் பார்த்து, மெதுவாப் பேசுங்க. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி.

* "என்னைத் தெரியுதா? யார் சொல்லுங்க பார்ப்போம்?" வேண்டவே வேண்டாம்! பாட்டிக்கு எதுக்கு வைவா? "நான் மேலத்தெரு பையன், சாப்டீங்களா?"ன்னு நீங்களே ஆரம்பியுங்க.

* வழி தவறி நின்றால் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. நிழலில் உட்கார வெச்சுத் தண்ணி கொடுங்க. பையில, சட்டைப்பையில போன் நம்பர் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. பக்கத்து டீக்கடையில் விசாரிச்சாலே பாதி வேலை முடிஞ்சது. யாருக்கும் தெரியலையா? போலீஸுக்கு 112. முதியோர் உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

* தெரிஞ்ச வீட்டில் யாராவது காணாமப் போனா, கிணறு, வாய்க்கால், மெயின்ரோடுன்னு ஆபத்தான இடங்களை முதலில் பாருங்க. தைப்பூசக் கூட்டத்துக்கு அழைச்சிட்டுப் போறப்போ, பெயரும் போன் நம்பரும் எழுதின அட்டையைச் சட்டையிலேயே குத்தி விடுங்க.

* பார்த்துக்கிற ஆளையும் பாருங்க. பெரும்பாலும் அது ஒரு மருமகளோ மகளோதான். ராத்திரித் தூக்கம் இல்லை, கல்யாணம் காட்சி இல்லை. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், "அக்கா, நான் இங்க இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அந்த முகத்தைப் பார்த்தா தெரியும், அது எவ்வளவு பெரிய உதவின்னு.

* டாக்டரிடம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

ஜப்பான் காட்டிய வழி

ஜப்பானில் இந்த நோய்க்கு முன்பு இருந்த பெயரில் 'மந்தபுத்தி' என்ற அர்த்தமும் ஒட்டிக்கிடந்தது. 2004-ல் அரசே பெயரை மாற்றியது. மறு வருஷம் ஒரு திட்டம்: சுமார் ஒன்றரை மணி நேரம் வகுப்பு, முடித்தவர்கள் கையில் ஆரஞ்சு நிற வளையம். பள்ளி மாணவர்கள், கடைக்காரர்கள், பேங்க் ஊழியர்கள் எல்லோரும் சேர, எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டிவிட்டது. அவங்க டாக்டர் வேலை பார்க்கலை. புரிஞ்சு பேசக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

நாம மட்டும் என்ன? 'கிறுக்கு', 'புத்தி பேதலிச்சிருச்சு'ன்னு இன்னும் சொல்லிட்டுத்தானே இருக்கோம்? என்.எஸ்.எஸ். மாணவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவை, கிராமத்தில் ஏழு நாள் கேம்ப். அதில் ஒரு ஒன்றரை மணி நேரத்தை இதுக்குக் கொடுக்க முடியாதா? டீக்கடைக்காரர், கண்டக்டர், ஆட்டோ டிரைவர், ரேஷன் கடைக்காரர்னு நாலு பேரை உட்கார வெச்சுப் பேசினாலே ஊர் மாறிடும். செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். தேதியும் ரெடி!

கடைசி வருஷத்தில் அப்பத்தாவுக்கு என் பேரே தெரியாது. லீவுக்குப் போனா, "யாரு கண்ணு நீ?"ன்னுதான் கேட்கும். நானும் சண்டை போடுறதை விட்டுட்டேன். "பக்கத்து ஊரு அப்பத்தா, பசிக்குது"ம்பேன். உடனே எழுந்து அடுப்படிக்குப் போகும். ஆள் மறந்துபோச்சு, பசின்னு வந்தவனுக்குச் சோறு போடணும்கிறது மட்டும் மறக்கவே இல்லை.

அதனால மக்களே, பஸ் ஸ்டாப்புல ஒரு பாட்டி தோளைத் தொட்டா இயர்போனைக் கழட்டுங்க. "பள்ளிக்கூடம் விட நேரமிருக்கு பாட்டி, இப்படி உட்காருங்க, உங்க பையன் பேரென்ன?"ன்னு கேளுங்க. அதுதான் நாலாவது பதில்.

பழநி பஸ் போனா போகட்டும், அடுத்தது வரும்!