7 அடி 2 அங்குலம் இருந்தும் கல்லூரி ஆட்டம் கைநழுவியது ஏன்? நெட்டைப் பசங்களுக்கு சத்னாம் சிங் கதை சொல்லும் பாடம்

ப்ளஸ் டூ படிக்கும் பையன் ஆறரை அடிக்கு வளர்ந்துவிட்டால் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இவனுக்கென்ன, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கிடைச்சிடும்." கபடிக்குப் பேர் போன வடுவூர் இருக்கும் திருவாரூர் மாவட்டத்தில், விளையாட்டு வழியாகக் கல்லூரி, கல்லூரி வழியாக வேலை என்ற பாதை யாருக்கும் புதிதல்ல. கூடைப்பந்தில் அந்தப் பாதைக்கு உயரம் நல்ல நுழைவுச்சீட்டு. ஆனால், உள்ளே போன பிறகு? உயரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும், வேறு என்னவெல்லாம் வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சத்னாம் சிங்?

பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சின்ன கிராமம். அங்கே ஒரு விவசாயியின் மகனாக 1995-ல் பிறந்தவர் சத்னாம் சிங் பமாரா. அப்பா பல்பீர் சிங்கும் ஏழடிக்கு மேல் உயரமானவர். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயிற்சி பெற்ற சத்னாம், 2010-ல் 14 வயதில் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

2015 ஜூன் மாதம் நடந்த என்பிஏ டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் எடுக்கும் நிகழ்வில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது இடத்தில் எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ அணியால் தேர்வு செய்யப்பட்டது அதுதான் முதல்முறை. நாடே கொண்டாடியது. 'ஒன் இன் எ பில்லியன்' என்ற ஆவணப்படமும் வந்தது.

கொண்டாட்டத்தில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வழக்கமாக ஒரு வீரர் கல்லூரியிலோ வெளிநாட்டு லீகிலோ ஆடிப் பழகிவிட்டுத்தான் டிராஃப்டுக்கு வருவார். சத்னாம் இரண்டும் இல்லாமல் பள்ளி அகாடமியிலிருந்து நேராக வந்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்துக்குத் தேவையான பாடத் தகுதி அவருக்குக் கைகூடவில்லை.

விளைவு? மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார். ஆடக் கிடைத்த நிமிடங்கள் குறைவு. என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவரால் களமிறங்க முடியவில்லை. 2019-ல் ஊக்கமருந்து பரிசோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை பெற்றார். பிறகு தொழில்முறை மல்யுத்தப் பக்கம் போய்விட்டார்.

கல்லூரி வழியாகப் போனவர்கள் என்ன ஆனார்கள்?

கனடாவில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த சிம் புல்லரின் உயரம் 7 அடி 5 அங்குலம். இவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக இரண்டு சீசன் ஆடினார். இரண்டு முறையும் அவர்கள் கான்ஃபரன்ஸ் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். டிராஃப்டில் யாரும் அவரை எடுக்கவில்லை. இருந்தாலும் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கி, என்பிஏ-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார்.

அடுத்தவர் பஞ்சாபின் மொகாலியைச் சேர்ந்த அமான் சந்து. ஏழடி உயரம். என்பிஏ அகாடமி இந்தியாவில் பயிற்சி, பிறகு அமெரிக்காவில் பள்ளிப்படிப்பு, அதன்பின் நியூஜெர்சியில் உள்ள மான்மத் பல்கலைக்கழக அணியில் இடம். அந்த அகாடமியிலிருந்து என்சிஏஏ முதல் டிவிஷன் கல்லூரிக்குப் போன முதல் ஆண் வீரர் இவர்.

உயரத்தில் மூவருக்கும் குறை இல்லை. படிப்புத் தகுதியும், கல்லூரி தரும் ஆட்ட அனுபவமும்தான் இவர்கள் பாதையைப் பிரித்தன.

பள்ளி ஆட்டத்துக்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

பள்ளி அணியில் ஆறரை அடி பையன் என்றால் ஆட்டம் சுலபம். கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் போதும். பந்து தலைக்கு மேல் வரும், பிடித்துப் போட்டுவிடலாம். எதிரணியில் அவ்வளவு உயரத்தில் இன்னொருவர் இருப்பது அபூர்வம்.

கல்லூரியில் எதிரே நிற்பவரும் ஆறரை அடி இருப்பார். கூடவே 15, 20 கிலோ எடை அதிகமாக இருக்கும். நான்கைந்து வருட அனுபவமும் இருக்கும். அங்கே 'நான் உயரம்' என்பது செய்தியே அல்ல.

திருவாரூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஆழித்தேர் எவ்வளவு உயரம் என்று வெளியூர்க்காரர்தான் கேட்பார். வடம் பிடித்தவருக்குத் தெரியும், முட்டுக்கட்டை போட்டு முனையில் தேரைத் திருப்புவதுதான் பெரிய வேலை என்று. பெரிய உடம்பைச் சின்ன இடத்தில் திருப்பத் தெரிந்தவர்தான் நல்ல சென்டர்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

இந்தியாவில் ஃபிபா விதிகள்தான். ஆட்டம் 10 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, ஷாட்டுக்கு 30 விநாடி. கூடையின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான், 3.05 மீட்டர்.

உயரமான வீரரை நேரடியாகப் பாதிக்கும் விதிகள் மூன்று.

ஒன்று, ஐந்து ஃபவுல். 40 நிமிட ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டியதுதான். இளம் சென்டர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். எதிராளி எழும்பும்போது கையைக் கீழே இறக்கி அடிப்பார்கள். கையை நேராக மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே செங்குத்தாகக் குதித்தால் உடல் மோதினாலும் தடுப்பவர் மீது ஃபவுல் இல்லை.

இரண்டு, மூன்று விநாடி விதி. உங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது எதிரணிக் கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகத்துக்குள் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. பள்ளியில் நடுவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம். மேலே போகப் போக விட மாட்டார்கள்.

மூன்று, வளையத்தின் மேல் இருக்கும் பந்து. ஃபிபா விதியில், ஷாட் எடுத்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அதை உடனே தட்டிவிடலாம். அமெரிக்கக் கல்லூரியில் வளையத்துக்கு நேர் மேலே பந்து இருக்கும்வரை தொடக் கூடாது. ஒரு நாட்டில் நல்ல தடுப்பு, இன்னொரு நாட்டில் தப்பு!

என்னவெல்லாம் கத்துக்கணும்?

பழைய காலத்து சென்டர் கூடைக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும். இப்போது கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பது வேறு.

• ஸ்கிரீன்: பந்து வைத்திருக்கும் சக வீரருக்காக, அவரைத் துரத்துபவரின் வழியில் அசையாமல் நிற்பது. நின்ற அடுத்த விநாடியே திரும்பி கூடையை நோக்கி ஓட வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் பெரிய ஆளுக்கு நிறைய பாயின்ட் இப்படித்தான் வருகிறது.

• பாக்ஸ் அவுட்: ஷாட் போனதும் பந்தைப் பார்ப்பதற்கு முன் எதிராளியைத் தேடி, முதுகால் அடைத்து நிற்பது. ரீபவுண்டில் பாதி குதிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

• ஃப்ரீ த்ரோ: பெரிய ஆள் மீதுதான் ஃபவுல் அதிகம் விழும். கோட்டில் நின்று போடத் தெரியாவிட்டால், எதிரணி வேண்டுமென்றே அவரைப் பிடிக்கும். பயிற்சியாளரும் கடைசி நிமிடத்தில் பெஞ்சில் உட்கார வைப்பார்.

• இரண்டு கை: இடது கையாலும் கூடைக்குள் போடத் தெரிய வேண்டும்.

• வெளியே இருந்து ஷாட்: மூன்று பாயின்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து போடக்கூடிய சென்டரை அவரது எதிராளி விட்டுவிட்டுப் போக முடியாது. கூடைக்குக் கீழே இடம் காலியாகும்.

உடம்பு பத்திரம்

வேகமாக வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாரும் ஈடுகொடுக்காது. அதனால்தான் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருகிறது. சிமெண்ட் தளத்தில் தினமும் குதித்தால் வலி கூடும். 'வளர்ற வயசு, சரியாயிடும்' என்று விடாமல், குதிப்பதைக் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். வலி தொடர்ந்தால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சாப்பாடு? விளையாட்டு வீரருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 80 கிலோ பையனுக்கு 112 முதல் 160 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். டெல்டா வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அதோடு முட்டை, மீன், பயறு, நிலக்கடலை, தயிர் ஆகியவற்றின் அளவைக் கூட்டினாலே பெரும்பகுதி வந்துவிடும். டப்பாவில் விற்கும் பவுடர்களில் ரொம்ப எச்சரிக்கை தேவை. தடை செய்யப்பட்ட பொருள் உடலில் எப்படி வந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான்.

இன்னொன்று, இதயம். மிக உயரம், ஒல்லியான உடல், நீண்ட விரல்கள் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு மார்ஃபன் சிண்ட்ரோம் என்ற மரபுக் குறைபாடு இருக்கலாம். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயை அது பலவீனமாக்கும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக வீரர் ஐசையா ஆஸ்டினுக்கு, 2014 டிராஃப்டுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் இது தெரியவந்தது. உயரமானவர் எல்லோருக்கும் இது இருக்காது, பயப்பட வேண்டாம். தீவிரப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எக்கோ எடுத்துக்கொள்வது உயிர் காக்கும்.

நம்ம ஊர்ப் பாதை எப்படி?

திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி போன்ற கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுபவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னணியில் வந்தால் அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதற்கு மேலே, 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்.

பல்கலைக்கழக அணிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான 'படிவம் 3' தகுதிச் சான்றுகளில் ஒன்று. பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு 'படிவம் 4'. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஎஃப், வருமான வரித்துறை போன்ற அலுவலக அணிகள் கூடைப்பந்தில் பிரபலமானவை. விவசாயக் குடும்பத்துப் பையனுக்கு என்பிஏ கனவை விடப் பக்கத்தில் இருப்பது இந்த வேலைதான்.

பொறியியல் படிக்க விரும்பினால், மாநிலக் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பில் தேறினால்தான் தரவரிசை.

அமெரிக்கா போகணும்னா?

என்சிஏஏ முதல் டிவிஷனுக்கு, 9 முதல் 12-ம் வகுப்பு வரை ஆங்கிலம், கணிதம், அறிவியல் உள்ளிட்ட 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 4-க்கு 2.3 என்ற சராசரி மதிப்பெண்ணும் வேண்டும். கணக்கு 9-ம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ப்ளஸ் டூ முடித்த பிறகு விழித்துக்கொண்டால் பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது.

இப்போ என்ன செய்யலாம்?

9, 10-ம் வகுப்பில் இருந்தால்: பாடத்தை விடாதீர்கள், ஆங்கிலம் பேசப் பழகுங்கள். முதலமைச்சர் கோப்பை, பள்ளிப் போட்டிகள் எதையும் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு சான்றிதழின் அசலையும் பத்திரப்படுத்துங்கள்.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்றால்: கல்லூரித் தேர்வு முகாமுக்கு முன் ஃப்ரீ த்ரோ, இடது கை, ஃபவுல் இல்லாத தடுப்பு, இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள்.

பெற்றோருக்கு: சீட் தருகிறோம் என்று கல்லூரி சொன்னால் கட்டணம், விடுதி, சாப்பாடு எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். "காயம் பட்டு ஒரு வருஷம் ஆட முடியலைன்னா சலுகை தொடருமா?" என்பதையும் கேளுங்கள். பந்து இல்லாமலும் பையன் அந்தப் பட்டத்தை முடித்துவிட முடியுமா என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.